ஏழு முள்கரண்டிகள்

முதல் உயிர் பதினோரு நிமிடம்.
நடைப்பிணம் எதுவும் என்னைத் தீண்டவில்லை.
கடற்கரையில் கண்விழித்தேன்,
ஈரக் காலுறையோடு நடந்தேன், தும்மினேன்,
ஒரு பேருந்து நிறுத்தத்தில் நடுங்கி நடுங்கி
உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தேன்.
திரை கறுத்தது.
வெந்தலீன் காதுக்குள் சிரித்தான்:
"காலுறையைப் பிழியணும், லூபோர். அதான் முதல் பாடம்."

இன்னும் கட்டி முடிக்காத விளையாட்டாம்.
பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள்.
சில கதவுகள் சுவரில் வரைந்த கதவுகள்.
தேவாலயக் கூரையில் ஒரு பசு நிற்கிறது,
யார் ஏற்றினார்கள் என்று தெரியவில்லை.
கிழக்கே நடந்துகொண்டே இருந்தால் புல் தீர்கிறது,
பிறகு சாம்பல் தரை,
பிறகு தரையும் இல்லை.

இரண்டாம் உயிரில் எனக்குக் கிடைத்தவை:
ஏழு முள்கரண்டிகள்.
ஒரு டப்பா பீச் பழம்.
டப்பாவைத் திறக்க எதுவுமில்லை.
பசியின் சின்னம் மஞ்சளாகி, சிவப்பாகி, மின்னத் தொடங்கியது.
கையில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு
பட்டினியில் சாவது எப்படி என்று
அந்த இரவு கற்றுக்கொண்டேன்.

பகலிலும் எனக்கு இதே வேலைதான்.
ஓஸ்ட்ராவாவில் இறந்தவர்களின் வீடுகளைக்
காலி செய்கிறோம், நானும் வெந்தலீனும் ஒரு பழைய வேனும்.
பொருபாவின் அடுக்குமாடிகள், நான்காம் மாடி, லிப்ட் கிடையாது.
இழுப்பறையைத் திறந்தால்
எந்தப் பூட்டுக்கென்று தெரியாத சாவிகள்,
காய்ந்து உடையும் ரப்பர் வளையங்கள்,
எப்போதோ விற்றுவிட்ட குளிர்பெட்டியின் உத்தரவாதச் சீட்டு.
எல்லாவற்றையும் மூட்டை கட்டுவோம்.
எதையும் நமக்கென்று எடுக்கக் கூடாது. அது விதி.

இரவில் விதி தலைகீழ்.
வேண்டியதை எடு, மிச்சத்தைப் போட்டுவிட்டு ஓடு.
வீடுகளோ மூன்றே அச்சில் வார்த்தவை.
நாற்பது வரவேற்பறைகளில் நாற்பது முறை
அதே குடும்பப் புகைப்படம்:
மீசைக்காரன், மஞ்சள் உடுப்புக்காரி, பல் விழுந்த சிறுமி.
பதினெட்டாவது வீட்டில்
அவர்களுக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்தேன்.

ஐந்தாம் உயிரோ ஆறோ.
மழை. ரயில் பாதை. எதிரே கோடரியோடு ஒருவன்.
பிணம் என்றால் பயமில்லை, அது கோணலாக நடக்கும்.
இவன் நேராக நடந்தான்.
கைகளைத் தூக்கினேன்.
அவனும் தூக்கினான்.
எனக்குத் தெரியாத ஒரு மொழியில் ஏதோ கேட்டான்,
அவன் அறையில் எங்கோ ஒரு குழந்தை இருமியது.
டப்பாவைக் கீழே வைத்தேன்.
கோடரியால் ஒரே போடு.
பாதி பழம் மண்ணுக்கு, மீதியில் பாதி எனக்கு.
அவன் பங்கை வாய்க்குக் கொண்டுபோனவன்
அப்படியே உறைந்து நின்றான்.
முப்பது விநாடி. மழை அவனுக்குள்ளே பெய்தது.
பிறகு அவன் இருந்த இடத்தில் வெறும் பாதை.
குழந்தை அழைத்திருக்கும்.

செத்துப் பிழைத்தேன் என்று சும்மா சொல்கிறோம்.
இங்கே அது ஒரு பொத்தான்.

வியாழக்கிழமை, ஒரு விதவையின் சமையலறை.
மேல் இழுப்பறையில்
டப்பா திறப்பான்கள் மூன்று.
ஒன்றில் கைப்பிடியே இல்லை, ஆனாலும் வைத்திருந்தாள்.
வெந்தலீன் சோபாவோடு படியிறங்கிய நேரம் பார்த்து
கைப்பிடி இல்லாததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
இருபது வருடத்தில் முதல் தடவை.
இப்போது அது விசைப்பலகைக்குப் பக்கத்தில் கிடக்கிறது,
ஒன்றுக்கும் உதவாமல்.

வேனில் வெந்தலீன் கேட்டான், எப்படி இருக்கு விளையாட்டு?
குளிர் சரியாக இருக்கிறது என்றேன்.
தாகம் கொஞ்சம் வேகமாக வருகிறது.
பிணங்கள் பரவாயில்லை.
ஆனால் அந்த இழுப்பறைகள்,
இழுத்தால் ஒன்றுமில்லை, இழுத்தால் ஒன்றுமில்லை.
அவ்வளவு காலியாக விட்டுவிட்டு
யாரும் சாவதில்லை என்று
செய்தவர்களுக்கு எழுது.

பசுவைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.
அது இருக்கட்டும்.